வன்னிக் கதையில் ஒருவரைச் சாகவிடுமுன்

இலங்கையின் வடக்கே, 2009 இறுதிப் போர்க்கால வன்னியைக் களமாகக் கொண்டு எழுதுபவர், வாசகர் நேசிக்கும் பாத்திரத்தைக் கொல்லுமுன், அந்தச் சாவு இல்லாமல் கதை நகருமா என்று பார்க்க வேண்டும். நகருமென்றால் உயிருடன் விட்டுவிடலாம். கண்ணீருக்காக ஒரு செல்லை (எறிகணையை) விழுத்துவது, என் கருத்தில், சோம்பேறித்தனம். எஞ்சியவர்களின் அத்தியாயத்தை முதலில் எழுதிப் பாருங்கள்: வன்னிக் கடற்கரையோர மாத்தளனில் தறப்பாள் கொட்டிலுக்குள் அம்மம்மா வழக்கம்போல ஐந்து கோப்பைகளில் கஞ்சி வார்த்துவிட்டு, ஒன்றை மீண்டும் பானைக்குள் ஊற்றுகிறார் என்பது போன்ற வரி தானாக வந்தால், அந்தச் சாவு கதைக்குரியது. வராவிட்டால் அந்தப் பாத்திரத்தைக் காணாமற்போனவராக விடலாம். ஆனால் அது எளிய வழியன்று, ஏனெனில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மாரைப் போல, அந்தக் குடும்பமும் கடைசிப் பக்கம்வரை தேட வேண்டும். கொல்வதென முடிவெடுத்தால், முந்தைய அத்தியாயத்தில் அவரைத் திடீரென நல்லவராக்காதீர்கள். வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.