மணத்தக்காளியும் சுண்டையும்: வீட்டுத் தோட்டத்தில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் ஊர்ப்பக்கம் மணத்தக்காளி என்று கேட்டால் பழைய ஆட்கள் ஒரு நொடி யோசிப்பார்கள். சுக்குட்டி என்றால் சட்டென்று புரியும். வேறு சில ஊர்களில் மிளகுத் தக்காளி என்கிறார்கள். பேர் எதுவானாலும், வாய்ப்புண் வந்தால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். செடியும் கூப்பிடாமலே வரும். பழத்தைத் தின்ற குருவி எங்கே எச்சமிட்டதோ அங்கே ஒரு கன்று நிற்கும். இதை வளர்ப்பதில் என்ன தவறு வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். அந்தத் தைரியத்தில் பக்கத்திலேயே ஒரு சுண்டையையும் வைத்தேன்.

இரண்டும் கத்தரிக் குடும்பம். இரண்டும் உருண்டைக் காய், இரண்டும் வற்றலாகும், இரண்டையும் மருந்து என்பார்கள். ஆனால் மணத்தக்காளிக்குச் சரியாக இருப்பது சுண்டைக்குத் தவறாகிவிடும். நான் பட்டதில் முக்கால்வாசி அதனால்தான்.

முதலில் காய் பழுக்கும் விஷயம். மணத்தக்காளியைச் செடியிலிருந்து பறித்து அப்படியே வாயில் போடுவதென்றால், நன்றாகப் பழுத்த பிறகுதான் போட வேண்டும். பச்சைக் காயில் சொலனின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. வெயில் பட்டுப் பச்சையான உருளைக்கிழங்கைத் தூக்கிப் போடச் சொல்கிறார்களே, அதே பொருள்தான். காய் பழுக்கப் பழுக்க அது வெகுவாகக் குறைந்துவிடும். பச்சைக் காயை நிறையத் தின்றால் வயிற்று வலி, வாந்தி, பேதி, தலைவலி என்று படுத்தும். கொதிக்கிற தண்ணீரின் சூட்டில் சொலனின் லேசில் அழியாது. அதனால் 'வேக வைத்துவிட்டேன், இனிப் பயமில்லை' என்று பச்சைக் காயைக் கிண்ணம் கிண்ணமாகப் பொரியல் செய்வது நல்லதல்ல. நம் வீடுகளில் பச்சைக் காயை வற்றலாக்கி, எண்ணெயில் வறுத்து, ஒரு சட்டிக் குழம்புக்கு ஒரு கைப்பிடி என்றுதான் போடுவார்கள். அந்த அளவைத் தாண்டாமல் இருந்தால் சரி.

பழுத்ததை எப்படித் தெரிந்துகொள்வது? கறுப்பு நிறம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மணத்தக்காளியில் கறுப்பாகப் பழுப்பதும் இருக்கிறது, ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் பழுப்பதும் இருக்கிறது. தெரிந்த ஒருவர் சிவப்பு வகையை வைத்துக்கொண்டு, 'இன்னும் கறுக்கவில்லையே' என்று காத்திருந்து, பழமெல்லாம் மண்ணில் உதிர்ந்ததுதான் மிச்சம். நிறத்தைவிடக் கையை நம்பலாம். பழுத்தது தொட்டாலே விரலில் வந்துவிடும், அழுத்தினால் மெத்தென்று இருக்கும். இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் இன்னும் ஆகவில்லை.

சுண்டைக்கு இது அப்படியே தலைகீழ். சுண்டை பழுத்தால் மஞ்சளாகும். அதைப் பார்க்கும் வரை விட்டால் சமையலுக்கு உதவாது, உள்ளே முழுக்க விதைதான். பச்சையாக, பிஞ்சு முற்றி வரும் பதத்தில், நகம் சுலபமாக இறங்கும்போதே பறித்துவிட வேண்டும். முற்றியதை வற்றல் போட்டு ஒரு வருஷம் நாங்கள் குழம்பில் கூழாங்கல் கடித்தோம்.

அடுத்தது செடியை அடையாளம் காண்பது. இணையத்தில் யாராவது 'இது கொடிய விஷச்செடி' என்று மணத்தக்காளிப் படத்தைப் போட்டுப் பயமுறுத்துவார்கள். அவர்கள் நினைப்பது பெல்லடோனா என்ற ஐரோப்பியச் செடியை. அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் அதன் பூ மணி போலத் தொங்கும், கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். பழம் ஒவ்வொன்றாகத் தனித்தனியே இருக்கும், அடியில் பெரிய புல்லி ஐந்து இதழாக விரிந்து நிற்கும். மணத்தக்காளிக்கு நட்சத்திரம் மாதிரிச் சின்ன வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மூக்கு. பழம் கொத்தாக வரும், மிளகளவு அல்லது கொஞ்சம் பெரிது. நம் சமவெளித் தோட்டத்தில் பெல்லடோனா தானாக முளைக்காது.

நமக்குப் பக்கத்தில் இருக்கிற ஆபத்து வேறு. வேலியோரம் கிடக்கும் உண்ணிச்செடியிலும் கறுப்புப் பழம் கொத்தாக வரும். அதன் தண்டு சொரசொரப்பாக இருக்கும், இலையைக் கசக்கினால் நெடி அடிக்கும். அதன் பச்சைக் காய் விஷம். ஊமத்தை இன்னொன்று. அதன் இளங்கன்று கீரை மாதிரியே நிற்கும், தொட்டியில் தானாக முளைத்ததைப் பூக்கும் முன்னே கீரையாக ஆய்ந்துவிடுவது பெரிய தவறு. தானாக வந்த கன்றா? பூவைப் பார்க்கும் வரை பொறுங்கள். வெள்ளை நட்சத்திரம் வந்தால் ஆயலாம்.

வளர்ப்பதில் தவறு என்று பார்த்தால், விதையை ஆழமாகப் போடுவது முதல். விதை கடுகைவிடச் சின்னது. பழுத்த பழத்தை ஒரு கிண்ணம் தண்ணீரில் பிசைந்தால் சதை மிதக்கும், விதை அடியில் தங்கும். நிழலில் உலர்த்தி, மணலில் கலந்து தூவி, மேலே மண் லேசாக மூடினால் போதும். முளைத்த ஒரு மாதத்துக்குள் பிடுங்கி நடலாம். 12 அங்குலப் பையில் ஒரு செடி தாராளமாக வரும். சாணமும் கோழி எருவும் அள்ளிப் போட்டால் இலை தளதளவென்று வரும், காய் வராது. கீரைதான் வேண்டுமென்றால் அதுவும் நல்லதுதான்.

சுண்டையைப் பையில் வைத்ததுதான் நான் செய்த மடத்தனம். அது செடியில்லை, குட்டி மரம். ஆளுயரத்தைத் தாண்டும், முள் இருக்கும், பல வருஷம் நிற்கும். தரையில்தான் வைக்க வேண்டும், அதுவும் குழந்தைகள் ஓடும் நடைபாதையை விட்டுத் தள்ளி. விதை முளைப்பதும் சீராக இருக்காது. பக்கத்து மரத்தடியில் முளைத்த கன்றையோ, குச்சியையோ கேட்டு வாங்கி வைப்பது சுலபம்.

கத்தரி, தக்காளி, மிளகாய் வைத்து வாடிப்போன மண்ணில் மறுபடியும் மணத்தக்காளி வைக்காதீர்கள். ஒரே குடும்பம் என்பதால் அதே வாடல் நோயும், வேரைத் தாக்கும் நூற்புழுவும் இதற்கும் வரும். சுண்டை இதில் கெட்டி. சுண்டையை வேர்ச்செடியாக வைத்து அதன் மேல் கத்தரியை ஒட்டுக் கட்டுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இலையைச் சல்லடையாக்கும் புள்ளி வண்டு இரண்டுக்குமே வரும். இலைக்கு அடியில் மஞ்சள் முட்டைக் கூட்டம் தெரிந்தால் நசுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மருந்தடித்துவிட்டு மறுநாளே கீரை ஆய்கிற வேலை மட்டும் வேண்டாம்.

மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. மணத்தக்காளி இனம் மண்ணில் இருக்கும் காட்மியம் என்ற கன உலோகத்தை இழுத்து இலையிலும் தண்டிலும் சேர்த்து வைக்கக்கூடியது. மாசான நிலத்தைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்தலாமா என்று சீனாவில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட செடியைச் சாக்கடை ஓரத்திலும், பழைய பேட்டரி கிடந்த இடத்திலும், பெயின்ட் டப்பாவிலும் வளர்த்து, 'இயற்கை மருந்து' என்று சாப்பிடலாமா? ரோட்டோரத்தில் செழிப்பாக நிற்பதைப் பறித்து வருவதும் இதே கணக்குதான். நல்ல மண், சுத்தமான பை, நல்ல தண்ணீர். இந்தச் செடிக்கு இது ரொம்ப முக்கியம்.

இனி வற்றல். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஆனாலும் முதல் தடவை பூஞ்சை பிடித்தது. காரணம் அவசரம். ஐப்பசி மழைக்கு நடுவே இரண்டு நாள் வெயில் வந்ததே என்று போட்டேன். வற்றலுக்கு மாசி, பங்குனி வெயில் வேண்டும். சுண்டையை ஒவ்வொன்றாக அம்மிக் குழவியால் லேசாகத் தட்ட வேண்டும், வாய் பிளந்தால் போதும், நசுங்கக் கூடாது. தட்டாமல் போட்டால் உப்பும் மோரும் உள்ளே போகாது, எண்ணெயில் போட்டதும் வெடித்து முகத்தில் தெறிக்கும். தட்டியதை உடனே மோரில் போடாவிட்டால் கறுத்துவிடும். மோர் நன்றாகப் புளித்திருக்க வேண்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும் அளவு உப்பு. காலையில் வடித்து வெயிலில் பரப்பு, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போடு. மோர் முழுக்க ஏறும் வரை இப்படியே மூன்று நாலு நாள். அப்புறமும் காய வைக்க வேண்டும். ஒரு கை அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும், அப்போதுதான் டப்பாவுக்குப் போகலாம். நான் சத்தம் வரும் முன்பே மூடிவிட்டேன்.

இவ்வளவு உப்பு ஏறிய பொருளை 'உடம்புக்கு நல்லது' என்று ரத்த அழுத்தம் இருக்கிறவருக்குத் தினமும் வறுத்துப் போடுவதும் தவறுதான். அவருக்குப் பச்சைச் சுண்டையைத் தட்டி அலசி, பருப்போடு கூட்டாக வைத்துக் கொடுக்கலாம்.

மருந்தாகப் பயன்படுத்துவதில் நான் பார்க்கும் பெரிய தவறு, அளவை மறப்பது. வாய்ப்புண்ணுக்குக் கீரையைப் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கூட்டாக்கிச் சாப்பிடுவார்கள், இதமாக இருக்கும். அதையே மிக்ஸியில் அடித்து வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகக் குடிப்பது நம் வழக்கமே இல்லை. இன்னொன்று, புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லையென்றால் கீரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும், புகையிலை போடுகிறவர் என்றால் அதற்கும் முன்பே. அடிக்கடி புண் வருவதற்கு இரும்புச்சத்து, பி12 குறைவும் காரணமாக இருக்கலாம், அதை ரத்தப் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும். சுண்டை பூச்சியைக் கொல்லும் என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைப் பிள்ளைக்குத் தராமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். சுண்டைக் குழம்பும் சாப்பிடட்டும், மாத்திரையும் போடட்டும். சர்க்கரை மாத்திரைக்கும் இதேதான்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு வேலை கூடுதல். எங்கள் வீட்டு நாலு வயசு வாண்டுக்குக் கறுப்பு, பச்சை எல்லாம் ஒன்றுதான், கொத்தோடு உருவி வாயில் போடப் பார்ப்பான். இப்போது பழக்கியிருக்கிறோம்: கொத்துக்கு அடியில் உள்ளங்கையை நீட்டி, இன்னொரு விரலால் ஒரு தட்டு தட்ட வேண்டும், கையில் விழுந்தது மட்டும்தான் அவனுக்கு. பெரும்பாலும் ரெண்டோ மூணோ விழும். மிச்சத்தை நாளைக்கு வந்து தட்டிப் பார்ப்பான், அதற்குள் குருவி வராமல் இருந்தால்.