துருப்பிடித்த பிரேக் குழாய்களை மாற்றுதல்

பழைய காரின் அடியில் ஓடும் எஃகு பிரேக் குழாய்களைத் துரு பெரும்பாலும் மறைவான இடங்களிலிருந்தே அரிக்கத் தொடங்குகிறது. குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியிலும், சேறும் ஈரமும் தங்கிவிடும் பின் அச்சின் மேற்புறத்திலும் முதலில் தேடிப் பார்க்க வேண்டும். அங்கே துரு செதில் செதிலாக உதிர்ந்தால், அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போட நினைக்காமல், ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பு வரை முழுக் குழாயையும் மாற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. பெடலை ஓங்கி மிதிக்கும்போது உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டைத் தாண்டிவிடும் என்பதால், தண்ணீர்க் குழாய்களில் போடுவதுபோல் வளையத்தை நெருக்கிப் பிடிக்கும் இணைப்புகளை இங்கே ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

புதிய குழாய்க்கு நான் பரிந்துரைப்பது செம்பு-நிக்கல் கலவை. அதில் ஏறத்தாழ 10 சதவீதம் நிக்கல் இருக்கும்; எஃகைப்போல் துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், முனையை விரிப்பதும் எளிது. தனிச் செம்புக் குழாய் பார்வைக்கு இதைப் போலவே இருந்தாலும், அதிர்வில் நாளடைவில் இறுகி விரிசல் விடக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் குழாயின் வெளி விட்டம் 4.75 மி.மீ., அதாவது 3/16 அங்குலம். ஆயினும் உங்கள் குழாயை அளந்த பிறகே வாங்குங்கள்.

காரை ஜாக்கால் தூக்கியதும், அதன் எடையை உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் இறக்காமல் அடியில் நுழையக் கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பிரேக் பெடலைச் சிறிதளவு அழுத்திய நிலையில் ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலின் அழுத்தத்தைப் பிரேக் திரவத்துக்குக் கடத்தும் உருளைக்குள்) திரவம் இறங்கும் துளை அடைபட்டு, திரவத் தொட்டி முழுவதும் ஒழுகிப் போவது பெரும்பாலும் தடுக்கப்படும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது நல்லது. சாதாரண ஸ்பேனர் இந்த மென்மையான நட்டுகளின் முனைகளை மழுக்கிவிடும். நட்டைச் சுற்றிலும் கவ்வும் ஃபிளேர் நட் ஸ்பேனரே தேவை. குழாய் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது என்பதால், நட்டை ஒட்டி அதை வெட்டிவிட்டு ஆறுமுனை சாக்கெட்டைப் பொருத்தித் திருப்பினால், மற்றபடி அசையாத நட்டும் கழன்றுவிடும். எனினும் பழைய குழாயை இயன்றவரை வளைவு கெடாமல் எடுத்து வையுங்கள். புதியதை வளைக்க அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

இந்த வேலையின் உயிர் குழாய் முனையை விரிப்பதில் இருக்கிறது. முனையை இரண்டாக மடித்து 45 பாகையில் விரிக்கும் இரட்டை ஃபிளேர் ஒரு வகை. குமிழ்போல் உப்பவைப்பது மற்றொரு வகை. ஒன்றின் இருக்கையில் மற்றொன்று கசிவின்றி அமராது என்பதால், கழற்றிய முனையைப் பார்த்து அதே வகையையே செய்ய வேண்டும். ரம்பத்தைத் தவிர்த்து, குழாய் வெட்டும் உருளைக் கருவியால் நேராக வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு நீக்கி, உலோகத் துகள்களை ஊதி வெளியேற்றி, நட்டைக் குழாயில் கோத்த பிறகே விரிக்க வேண்டும். நட்டைக் கோக்க மறந்து அழகாக விரித்துவிட்டு, அந்த முனையை வெட்டி எறிய நேர்வது எல்லாருக்கும் ஒருமுறையாவது நடக்கும். முதலில் கழிவுத் துண்டில் நான்கைந்து முறை பழகுங்கள். ஒரு பக்கம் சாய்ந்ததாகவோ விளிம்பில் கீறல் உள்ளதாகவோ வந்த முனையை இறுக்கிச் சரிசெய்ய முயலாமல், வெட்டிவிட்டு மீண்டும் செய்யுங்கள். நட்டின் புரியிலும் கவனம் வேண்டும்: 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரி இடைவெளியும் கொண்ட நட்டும், அங்குலத்துக்கு 24 புரி கொண்ட 3/8 அங்குல நட்டும் பார்வைக்கு ஒன்றாகவே தோன்றும், ஆனால் பொருந்தா.

குழாயை நசுங்காதபடி அகன்ற வளைவுகளில் வளைத்து, பழைய பாதையிலேயே, புகைபோக்கிக்கும் அசையும் பாகங்களுக்கும் விலக்கி ஓட்டி, எல்லாக் கிளிப்புகளையும் திரும்ப மாட்டுங்கள். கிளிப் இல்லாத குழாய் அதிர்ந்து அதிர்ந்தே உடையும். நட்டுகளை முதலில் விரலால் பல சுற்று செலுத்தி, பிறகு காரின் கையேடு சொல்லும் முறுக்கு அளவுக்கு இறுக்குங்கள்.

தொட்டியின் மூடியில் குறித்துள்ள வகைத் திரவத்தை, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்தே ஊற்ற வேண்டும். டாட் 3, டாட் 4 திரவங்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பெயின்டையும் அரிக்கும். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ அவற்றோடு கலக்கக் கூடாது. காற்றை வெளியேற்றும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கம். ஒரு முன் சக்கரமும் அதன் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரே சுற்றில் குறுக்காக இணைந்த இரட்டைச் சுற்றுள்ள கார்களில் வரிசை மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். இடையில் தொட்டி வற்றினால் காற்று மீண்டும் உள்ளே புகும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் அந்தக் காற்றை வெளியேற்றக் கணினிக் கருவியும் தேவைப்படலாம்.

பெடல் கெட்டியானதும், ஒருவர் அதை முழு பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்திருக்க, மற்றவர் ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும். பெடல் சிறிது இறங்கினாலும், காகிதம் எங்கேனும் நனைந்தாலும் காரை நகர்த்தக் கூடாது. எல்லாம் உலர்ந்திருந்தால், ஆளில்லாத சமதளத்தில் நடை வேகத்தில் பலமுறை நிறுத்திப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் அதே இணைப்புகளை மீண்டும் ஒருமுறை ஒற்றிப் பாருங்கள்.