கல்விக் கடன்: கையெழுத்துப் போடும் முன் போட வேண்டிய கணக்கு

கடன் வாங்கிப் படிக்கலாமா என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. ஆனால் உங்களுக்கான பதிலை ஒரு மாலைப்பொழுதில், ஒரு தாளில் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் படிப்பு முடியும்வரை ஆகும் மொத்தச் செலவை எழுதுங்கள். கல்விக் கட்டணத்தோடு விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், கணினி, பயணம் எல்லாம் சேரட்டும். முதலாம் ஆண்டுக் கட்டணத்தை ஆண்டுகளால் பெருக்கினால் போதாது. பல இடங்களில் ஆண்டுதோறும் கட்டணம் ஏறும். இதிலிருந்து உதவித்தொகை, கட்டணச் சலுகை, சேமிப்பு ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் கடன் தேவை. வங்கி அதற்கு மேல் தருகிறதே என்று வாங்காதீர்கள். மொத்தமாக வாங்காமல், கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் பகுதி பகுதியாக எடுங்கள். எடுக்காத பணத்துக்குப் பொதுவாக வட்டி ஓடாது.

அடுத்தது சம்பளம். கல்லூரி விளம்பரத்தில் வரும் உச்சச் சம்பளம் ஓரிருவருக்குக் கிடைத்தது. சராசரியையும் அந்த ஓரிருவரே மேலே தூக்கிவிடுவார்கள். அதே பிரிவில் அண்மையில் படித்து முடித்தவர்களிடம் கேட்டு, வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலையே கிடைக்காதவர்களையும், படிப்பைப் பாதியில் விட்டவர்களையும் விசாரியுங்கள். பட்டமும் இல்லாமல் கடனும் நிற்பதுதான் இதில் மிகக் கொடுமையான நிலை.

இப்போது தவணைக் கணக்கு. நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கத்தில் 2.5 லட்சம் வீதம் 10 லட்சம் எடுக்கிறீர்கள், வட்டி 10%, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்தாண்டுகளுக்குத் தனிவட்டியே 3.5 லட்சம். அதைக் கட்டாமல் விட்டால் அசலோடு சேர்ந்து கடன் 13.5 லட்சமாகும். பத்தாண்டுக்கு மாதத் தவணை சுமார் 17,840. கடைசியில் கட்டி முடிப்பது ஏறத்தாழ 21.4 லட்சம். அந்த ஐந்தாண்டும் வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டி வந்தால் தவணை 13,215 ஆகக் குறையும். மொத்தத்தில் 2 லட்சத்துக்கு மேல் மிச்சம். வீட்டில் ஓரளவு வருமானம் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை.

17,840 தவணை பெரிதாகத் தெரிகிறதென்று காலத்தை 15 ஆண்டாக நீட்டச் சொல்வார்கள். மாதம் 3,300 குறையும், மொத்தத்தில் 4.7 லட்சம் கூடும்.

தவணை, எதிர்பார்க்கும் முதல் சம்பளத்தில் 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் தாங்கலாம். 20 வரை போனால் கையைக் கடிக்கும். அதையும் தாண்டினால், மலிவான கல்லூரியையோ வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வழியையோ தேடுங்கள். அப்படிப்பட்ட கடனை வாங்க வேண்டாம் என்றே சொல்வோம்.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது, வட்டி, கட்டக் கட்டக் குறைந்துவரும் அசலுக்கா, தொடக்க அசல் முழுவதற்குமா என்று பாருங்கள். முழு அசலுக்கும் 10% என்றால், பத்தாண்டுக் கடனில் உண்மை வட்டி கிட்டத்தட்ட 16%. மாறும் வட்டியானால் 1% ஏறினாலே மேற்சொன்ன 17,840 தவணை 750 போல உயரும். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா, காப்பீட்டைக் கடனோடு சேர்த்துக் கட்டுகிறார்களா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் படிப்பதானால், கடன் எந்த நாணயத்தில், சம்பளம் எந்த நாணயத்தில் என்பது முக்கியம். இரண்டும் வேறானால், நாணய மதிப்பு மாறும்போது தவணையின் சுமையும் மாறும்.

கிரெடிட் கார்டில் கல்லூரிக் கட்டணம் கட்டவே கூடாது. கெடு தேதிக்குள் முழுத்தொகையையும் அடைக்கப் பணம் கையில் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. கார்டு பாக்கிக்கு மாதம் 3% வட்டி என்றால், அது கூட்டுவட்டியாக ஆண்டுக்கு 42 விழுக்காட்டைத் தாண்டும். ஒரு லட்சம் பாக்கிக்குக் குறைந்தபட்சத் தொகை 5% என்று 5,000 கட்டினால், 3,000 வட்டிக்கே போய், அசலில் 2,000 மட்டுமே கழியும். கார்டில் ரொக்கம் எடுத்தால் பெரும்பாலும் அன்றே வட்டி தொடங்கிவிடும். கடன் செயலிகளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

பெற்றோர் உடன் கையெழுத்திட்டால் அது அவர்களுடைய கடனும்தான். நீங்கள் தவறினால் அவர்களிடமே கேட்பார்கள். வீட்டை அடமானம் வைத்திருந்தால் வீடு போகும். கையெழுத்துக்கு முன்பே இதை அவர்களிடம் விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

வேலை கிடைக்கத் தாமதமானால், முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குக் கடிதம் எழுதி, தவணையைத் தள்ளிவைக்கவோ மாற்றி அமைக்கவோ கேளுங்கள். தவறிய பிறகு கேட்டால், தாமதக் கட்டணமும் கடன் மதிப்பெண் (கிரெடிட் ஸ்கோர்) சரிவும் ஏற்கெனவே பதிவாகியிருக்கும்.