ஹாலுக்கு ஏற்ற டிவி செட்டப்: முதல் முறை வாங்குபவர்களுக்குப் படிப்படியாக

டிவி கடைக்குள் நுழைந்ததும் "பட்ஜெட் எவ்வளவு, எத்தனை இன்ச் பார்க்கறீங்க?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இந்த இரண்டுக்கும் பதிலை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போவது நல்லது. கடையில் ஓடுவது டிவியின் பெருமையைக் காட்டவே எடுத்த டெமோ வீடியோ. உங்கள் ஹாலில் ஓடப்போவது சாயங்கால சீரியல், நியூஸ், கிரிக்கெட், வார இறுதியில் ஓடிடியில் ஒரு படம். உள்ளே போகும் சிக்னல் எப்படியோ, திரையில் தெரியும் படமும் அப்படித்தான் இருக்கும். அதனால் சிக்னலில் தொடங்கி டிவிக்கு வருவோம்.

படி 1: வீட்டில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்

4கே டிவியில் குறுக்கே 3840, நெடுக்கே 2160 என்று சுமார் 83 லட்சம் புள்ளிகள் இருக்கும். எச்டி அல்லாத சாதாரண எஸ்டி சேனலில் வருவது 720க்கு 576, அதாவது 4 லட்சத்துச் சொச்சம். டிவி ஒவ்வொரு புள்ளியையும் 20 புள்ளிகளாக இழுத்து நிரப்புகிறது. புது டிவி வந்த அன்றே "பழைய டிவியிலேயே படம் நல்லா இருந்துச்சே" என்று வீட்டில் பேச்சு எழுவது இதனால்தான். டிவியில் கோளாறு எதுவும் இல்லை.

இதைச் சரிசெய்ய மூன்று வேலைகள். ஒன்று, செட்டாப் பாக்ஸ் எச்டி பாக்ஸ்தானா என்று டிடிஎச் நிறுவனத்திடமோ கேபிள்காரரிடமோ கேளுங்கள். இல்லையென்றால் மாற்றிக் கேளுங்கள். இரண்டு, வீட்டில் அதிகம் பார்க்கும் நான்கைந்து சேனல்களை மட்டுமாவது எச்டியில் எடுங்கள். சன் டிவி, விஜய், ஜீ தமிழ் எல்லாவற்றுக்கும் எச்டி உண்டு. மூன்று, பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைக் கழற்றிவிட்டு, படமும் சத்தமும் ஒன்றாகப் போகும் எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள். அந்த மூன்று கலர் ஒயரில் எஸ்டி படம் மட்டும்தான் போகும். எச்டி பேக்குக்குப் பணம் கட்டிவிட்டு அந்த ஒயரிலேயே பார்க்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன.

படி 2: டேப் எடுத்து அளந்து, அப்புறம் இன்ச்

சோபாவில் உட்காரும் இடத்திலிருந்து டிவி வரப்போகும் சுவர் வரை அளங்கள். நம் ஹால்களில் பெரும்பாலும் 7 முதல் 10 அடிக்குள் இருக்கும். அதை இன்ச்சாக மாற்றுங்கள். 8 அடி என்றால் 96 இன்ச்.

ஓடிடி, 4கே படங்கள், கேம் அதிகம் என்றால் அதை 1.6 ஆல் வகுங்கள். 60 வரும். 55 இன்ச் தாராளமாகப் பொருந்தும், 65ம் தவறில்லை. எஸ்டி சேனல்தான் முக்கால்வாசி நேரம் என்றால் 2.2 ஆல் வகுங்கள். 43 வரும். இரண்டும் கலந்த வீடு என்றால், எச்டி பேக் போட்டுக்கொண்டு 50 அல்லது 55 எடுப்பதுதான் என் யோசனை.

கடைக்குப் போகும் முன் பழைய நியூஸ்பேப்பர்களை ஒட்டி, அந்த அளவில் சுவரில் மாட்டிப் பாருங்கள். இன்ச் என்பது மூலைக்கு மூலை குறுக்களவு. 43 இன்ச் திரை ஏறக்குறைய 95 செ.மீ. அகலம், 54 செ.மீ. உயரம். 55 இன்ச் என்றால் 122க்கு 68. 65 இன்ச் என்றால் 144க்கு 81. ஷோகேஸின் நடுக்கட்டத்தில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இது கட்டாயம்.

உயரமும் முக்கியம். உட்கார்ந்திருக்கும்போது கண் எந்த மட்டத்தில் இருக்கிறதோ, திரையின் நடுப்பகுதி அதை ஒட்டி இருக்க வேண்டும். சோபாவில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது தரையிலிருந்து மூன்றரை அடி போல வரும். பாய் போட்டுத் தரையில் உட்கார்ந்து பார்க்கும் வீடு என்றால் இன்னும் இறக்கலாம். ஷோகேஸுக்கு மேலே ஆறடி உயரத்தில் மாட்டி, தாத்தாவும் பாட்டியும் கழுத்தைத் தூக்கிக்கொண்டு பார்ப்பதைக் காணும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இன்ஸ்டாலேஷன் ஆள் துளை போடும் முன் நீங்களே பென்சிலால் குறித்துவையுங்கள்.

படி 3: எந்த பேனல்

பெட்டியில் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அடிப்படையில் இரண்டே குடும்பம். பின்னாலிருந்து விளக்கு அடிக்கும் எல்சிடி ஒன்று. சாதாரண எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி எல்லாம் அதில் சேரும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி மற்றொன்று.

ஓஎல்இடியில் கறுப்பு உண்மையிலேயே கறுப்பு. இருட்டிய அறையில் படம் பார்க்க அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே நியூஸ் சேனல் ஓடும் வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மூலையில் நிற்கும் லோகோவும் கீழே ஓடும் பட்டையும் வருடக்கணக்கில் அதே இடத்தில் இருந்தால், அந்தத் தடம் திரையில் பதிந்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. அதோடு நம் ஹால்களில் ஜன்னல் வெளிச்சம் அதிகம். அதற்கு மினி எல்இடியின் பிரகாசம் கைகொடுக்கும்.

எல்சிடிக்குள் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் எந்தப் பக்கம் இருந்தும் நிறம் அவ்வளவாக மாறாது, ஆனால் இருட்டுக் காட்சி சாம்பலாகத் தெரியும். விளம்பரத்தில் இதை அரிதாகத்தான் போடுவார்கள். கடையில் டிவிக்கு நேராக நின்று பார்த்துவிட்டு, அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும். சுவரோரம் நாற்காலி போட்டுக் குடும்பமே பார்க்கும் ஹால் என்றால் ஐபிஎஸ் போன்ற பேனல் பொருந்தும். எல்லோரும் நேராக உட்காருவீர்கள் என்றால் விஏ.

"120 மோஷன் ரேட்" போன்ற எண்களைக் கண்டுகொள்ளாதீர்கள். பேனலின் நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை முறை திரை உண்மையிலேயே படத்தை மாற்றுகிறது என்பது, 60 ஹெர்ட்ஸா 120 ஹெர்ட்ஸா என்று மட்டும் கேளுங்கள். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம்தான். சேனலுக்கும் படத்துக்கும் 60 போதும். பிளேஸ்டேஷன் 5 மாதிரி கேம் கன்சோல் இருந்தால் 120க்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் உண்டு. வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் துல்லியமாகக் காட்டும் முறைக்கு எச்டிஆர் என்று பெயர். அதில் எச்டிஆர்10 எல்லா 4கே டிவியிலும் ஏறக்குறைய வந்துவிட்டது. இன்னொரு வகையான டால்பி விஷன் வேண்டும் என்றால் கேட்டு வாங்குங்கள், சாம்சங் டிவிகளில் அது இல்லை.

படி 4: டிவியின் முதுகைப் பாருங்கள்

எச்டிஎம்ஐ போர்ட் எத்தனை என்று எண்ணுங்கள். செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாருக்கு ஒன்று, லேப்டாப்போ கேமோ வந்தால் ஒன்று. மூன்று வேண்டும். அவற்றில் ஏதாவது ஒன்றின் பக்கத்தில்தான் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும். டிவியின் சத்தம் வெளியே போகும் வழி அது, சவுண்ட்பாருக்கான இடம். அவசரத்தில் செட்டாப் பாக்ஸை அதில் செருகிவிட்டு, சவுண்ட்பாரில் டிவி சத்தம் வரவில்லை என்று சர்வீஸுக்கு போன் போடுவது அடிக்கடி நடக்கிறது.

ஸ்மார்ட் டிவியின் மென்பொருள் சில வருடங்களில் மந்தமாகிவிடலாம். அதற்காக டிவியை மாற்ற வேண்டியதில்லை. ஒரு ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற ஸ்டிக்கைச் செருகினால் வேலை முடிந்தது. அதனால் மென்பொருளை வைத்து மட்டும் டிவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

படி 5: இன்டர்நெட்

நெட்ஃபிளிக்ஸ் 4கேக்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ். இன்றைய ஃபைபர் பிளான்களில் அது சாதாரணம். படம் மங்கலாக ஓடினால் பிளானை ஏற்றும் முன் வைஃபையைச் சோதியுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். ரவுட்டரிலிருந்து டிவிக்கு லேன் கேபிள் இழுக்க முடிந்தால் அதைவிட நிம்மதி வேறில்லை. நெட்ஃபிளிக்ஸில் 4கே அதிக விலையுள்ள பிளானில் மட்டும்தான் வரும் என்பதையும் கவனியுங்கள்.

படி 6: சத்தத்துக்குக் காசு ஒதுக்குங்கள்

எனக்குக் கேட்டால் மொத்த பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துத் தனியே வைத்துவிடச் சொல்வேன். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அந்த மிச்சத்தை இன்னும் பெரிய திரையில் போடுவதைவிட ஒலியில் போடுவது பலன் தரும்.

காரணம் எளிது. டிவி மெலிய மெலிய உள்ளே ஸ்பீக்கருக்கு இடமே இல்லை. பெரும்பாலும் அது கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். வசனம் சுவரிலும் மேஜையிலும் பட்டுத்தான் நம் காதுக்கு வரும். மேலே ஃபேன் ஓடும், சமையலறையில் மிக்சி ஓடும். வசனம் கேட்க வால்யூமைக் கூட்டினால் பாட்டு வரும்போது காது கிழியும். வயதானவர்களுக்கு இது பெரிய அவஸ்தை.

சவுண்ட்பாரில் 2.1 என்றால் இடது, வலது ஸ்பீக்கர்களும் அதிர்வு ஒலிக்கான ஒரு சப்வூஃபரும். 3.1 என்றால் நடுவில் வசனத்துக்கென்றே ஒரு ஸ்பீக்கர் கூடுதல். நான் 3.1ஐத்தான் சொல்வேன். வீட்டில் உள்ளவர்களுக்குப் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும், அதிர்வு அப்புறம்தான். பெட்டியில் "பிஎம்பிஓ" என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தால் அது விளம்பர எண், அதை விட்டுவிட்டுத் தொடர்ந்து தரக்கூடிய உண்மையான சக்தியான ஆர்எம்எஸ் எவ்வளவு என்று பாருங்கள். எச்டிஎம்ஐ ஏஆர்சி இல்லாமல் புளூடூத் மட்டும் உள்ளதை வாங்காதீர்கள், உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போகும்.

பின்னாலும் இரண்டு ஸ்பீக்கர் வரும் 5.1 செட் வைக்க ஆசை இருந்தால், பின் ஸ்பீக்கருக்கு சோபாவின் பின்னால் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சோபா சுவரை ஒட்டியிருந்தால் அந்தப் பணம் பெரும்பாலும் வீண். மேலிருந்தும் ஒலி வருவது போலக் கேட்க வைக்கும் டால்பி அட்மாஸ் சவுண்ட்பாருக்கும் ஹாலின் அமைப்பு ஒத்துழைக்க வேண்டும், கூரைமீது பட்டு ஒலி திரும்ப வேண்டும்.

படி 7: கரண்டும் சுவரும்

டிவியின் பின்னால் உள்ள ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று இருந்தால், சாதாரண ஏற்றத்தாழ்வை அதுவே சமாளிக்கும். பெரிய ஆபத்து இடியின்போது திடீரென்று பாயும் அதிக மின்சாரம், அதாவது சர்ஜ். சர்ஜ் புரொடெக்டர் வாங்கும் முன் எலக்ட்ரீஷியனை வைத்து அந்த பிளக் பாயிண்டின் எர்த்தைச் சோதியுங்கள். எர்த் இல்லாவிட்டால் அதனால் பெரிய பயன் இல்லை. மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள் வழியாகவும் சர்ஜ் இறங்கும். கோடை இடி, ஐப்பசி மழை என்றால் பிளக்கோடு அந்த கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

புது அபார்ட்மென்ட்களில் சுவர், எடை குறைந்த ஏஏசி பிளாக் என்ற கல்லாக இருக்கலாம். அதில் ஸ்க்ரூவுக்குப் போடும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, அதற்கென்றே உள்ள ஆங்கர் வேண்டும். வீடு கட்டிக்கொண்டிருந்தால் டிவி இடத்தில் 2 இன்ச் பைப் பதிக்கச் சொல்லுங்கள். மெல்லிய பைப்பில் எச்டிஎம்ஐ தலை நுழையாது. கேபிள் நீளம் 5 மீட்டரைத் தாண்டினால் ஒளியிழை வழியாக சிக்னல் போகும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ எடுங்கள்.

படி 8: மாட்டிய அன்றே செட்டிங்

புது டிவி சில சமயம் விவிட் அல்லது ஸ்டோர் மோடில் வரும், நீலம் தூக்கலாக இருக்கும். சினிமா, மூவி, ஃபிலிம்மேக்கர் மோட், இவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தோன்றும், கண் பழகியதும் தோல் நிறம் எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று தெரியும். ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் படத்தை சீரியல் மாதிரி ஆக்கிவிடும், அதை அணையுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். செட்டாப் பாக்ஸின் மெனுவில் திரை 16:9 என்றும், ரெசல்யூஷன் 1080 என்றும் வையுங்கள்.

ஒரே ரிமோட்டில் டிவியும் சவுண்ட்பாரும் இயங்க, எச்டிஎம்ஐ கேபிள் வழியே கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் சிஇசி என்ற வசதியை ஆன் செய்ய வேண்டும். சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர் மாறும்.

பல டிவிகளில் படத்தின் செட்டிங் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. செட்டாப் பாக்ஸில் மாற்றியது யூடியூபில் மாறியிருக்காது. எல்லா இன்புட்டுக்கும் பொருத்து என்ற ஆப்ஷன் இருந்தால் அதை அழுத்துங்கள். எச்டிஆர் படம் ஓடும்போது வேறொரு மோடுக்குத் தாவும், அப்போதும் ஒருமுறை சினிமாவுக்கு மாற்றிவிடுங்கள்.