ரயில்வே ஓட்டத்தில் தவறிய தம்பிக்கு ஸ்டாப்வாட்ச் பிடிப்பது எப்படி

எழுத்துத் தேர்வில் பாஸ், ஓட்டத்தில் பெயில். மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் ரயில்வே லெவல் 1 வேலைக்கு (எல்லார் வாயிலும் இன்னும் அது குரூப் டி தான்) முயலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தச் செய்தி புதிதில்லை. அந்த வீட்டு அண்ணன், அக்கா, சித்தப்பா, கூடப் படித்த நண்பன் இவர்களுக்கான குறிப்பு இது. நல்ல வார்த்தை வேண்டும்தான். ஆனால் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் முப்பது மீட்டர் அளவு நாடாவும் அதைவிட அதிகம் உதவும்.

முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் ஆறுதல் சொல்லப் போய், "அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுவாங்கல்ல?" என்று கேட்டால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சின கதைதான். ஆண்களுக்கு 1000 மீட்டர் ஓட்டம் 4 நிமிடம் 15 விநாடிக்குள். 35 கிலோ எடையைக் கீழே வைக்காமல் 100 மீட்டர் தூக்கிச் செல்வது 2 நிமிடத்துக்குள். பெண்களுக்கு 1000 மீட்டர் 5 நிமிடம் 40 விநாடி. எடை 20 கிலோ, அதே 100 மீட்டர், அதே 2 நிமிடம். இரண்டுக்கும் ஒரே ஒரு வாய்ப்புதான். தவறினால் அந்த அறிவிப்பைப் பொறுத்தவரை கதை முடிந்தது. அடுத்த அறிவிப்பு வந்து, எழுத்துத் தேர்வை மறுபடி எழுதித்தான் திரும்ப மைதானத்துக்கு வர முடியும். இதை மறைக்காதீர்கள். பொய் நம்பிக்கை கொடுத்தால் மூன்று மாதம் கழித்து உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

அதே விதியில் ஆறுதலும் இருக்கிறது. இந்த உடல்திறன் தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது. தகுதி உண்டா இல்லையா என்பது மட்டுமே. 3:30-இல் ஓடியவனும் 4:14-இல் ஓடியவனும் ஒன்று. ஆகவே அவன் பந்தய வீரனாக வேண்டியதில்லை, குறிப்பிட்ட சில விநாடிகளை மீட்டால் போதும். "நீ பெயில்" என்ற பெரிய சொல்லை "நீ ஒன்பது விநாடி பிந்திட்டே" என்ற சின்னச் சொல்லாக மாற்றுவதுதான் உங்கள் வேலையில் பாதி.

ஆனால் அதை முதல் நாளே செய்யாதீர்கள். தேர்வு முடிந்து வந்த அன்று எத்தனை விநாடி என்று கேட்பதும், வீடியோ போட்டுக் காட்டுவதும் வேண்டாம். சாப்பாடு, குளியல், தூக்கம். முதல் மூன்று நான்கு நாள் ஓட்டமும் வேண்டாம். அந்த நாட்களில் உங்களுக்குள்ள வேலை வாசலில்தான்: "என்னல, ரயில்வே கிடைச்சிட்டா?" என்று கேட்டு வரும் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு நீங்களே பதில் சொல்லி அனுப்பிவிடுங்கள். "பரீட்சை பாஸ், ஓட்டத்துல கொஞ்சம் பிந்திட்டான், அடுத்த தடவை பார்ப்போம் அண்ணாச்சி" என்றால் போதும். சித்தப்பா மகனோடு ஒப்பிடுவதை அம்மாவிடம் தனியாகச் சொல்லி நிறுத்துங்கள். அவன் முன்னால் சொன்னால் அதுவே இன்னொரு சண்டையாகும். கோச்சிங்குக்குக் கட்டிய பணத்தைப் பற்றிய பேச்சு எப்போது வந்தாலும் தப்பான நேரத்தில்தான் வரும்.

நாலாம் ஐந்தாம் நாள் வாக்கில், டீக்கடையில் நிற்கும்போது, "எந்த இடத்துல மூச்சு வாங்குச்சு?" என்று கேளுங்கள். "ஏன் முடியல?" என்று கேட்டால் அவன் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வான். "எந்த இடத்துல?" என்றால் மைதானத்தைப் பற்றிப் பேசுவான்.

பெரும்பாலும் வரும் பதில், "அறுநூறு மீட்டருக்கு அப்புறம் கால் தூக்க வரல" என்பதுதான். காரணம் முதல் இருநூறு மீட்டரில் இருக்கும். கும்பலாக ஓட விடும்போது பக்கத்தில் இருப்பவன் பாய்ந்தால் இவனும் பாய்வான். அந்த வேகத்துக்கு வேண்டிய ஆக்சிஜனை உடம்பால் கொடுக்க முடியாது. தசை வேறு வழியில் சக்தி எடுக்கும். அதன் விலையைப் பின்பாதியில் கட்ட வேண்டும். தொடை கல்லாகிவிடும்.

இதைக் காகிதத்தில் காட்டினால் சட்டென்று புரியும். 1000 மீட்டரை ஐந்து இருநூறுகளாகப் பிரியுங்கள். 4:15 என்பது 255 விநாடி. ஒவ்வொரு இருநூறுக்கும் 51. பெண்களுக்கு 340 விநாடி, இருநூறுக்கு 68. ஒருவாரம் கழித்து நிதானமாக ஒரு சோதனை ஓட்டம் வைத்து, ஒவ்வொரு இருநூறிலும் நேரம் குறியுங்கள். 38, 48, 56, 60, 58 என்று வந்தால் மொத்தம் 260, அதாவது 4:20. ஐந்து விநாடிதான் பாக்கி. முதல் இருநூறில் 38 என்பது வீண் செலவு. அதையே 49-இல் ஓடியிருந்தால் மூன்றாவதும் நான்காவதும் இப்படிச் சரிந்திருக்காது. எல்லாமே 55-க்கு மேல் என்றால் விஷயம் வேறு. அங்கே வேகப் பங்கீடு பிரச்சினையில்லை, அடிப்படைத் தெம்பே சேர்க்க வேண்டும். அதற்கு எட்டு வாரம் போதாது, நான்கு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இடம். மும்பையில் அளந்த மைதானம் கிடைப்பதுதான் பெரிய பாடு. தாராவியிலிருந்து மாகிம் வழியாக நடந்தே சிவாஜி பார்க் போய்விடலாம். அதன் சுற்றுக் கட்டையை ஒட்டிய பாதை ஒரு சுற்று சுமார் 1.17 கிலோமீட்டர். 4:15 வேகத்தில் ஓடினால் ஒரு முழுச் சுற்று கிட்டத்தட்ட 4 நிமிடம் 58 விநாடி. ஆக அந்த 4:58-க்குள் சுற்று முடிந்தால் கரை சேர்ந்தாயிற்று. நடைப்பயிற்சிக் கூட்டம் சேருமுன், விடியற்காலை ஐந்தரைக்கே போய்விடுங்கள். இருநூறுகளை உள்ளே மண்ணில் ஓடலாம். கிரிக்கெட் பிள்ளைகள் வலை கட்டுமுன் நாடாவால் நூறு மீட்டர் அளந்து இரு முனையிலும் செங்கல் வையுங்கள். போனில் வரும் ஜிபிஎஸ் தூரத்தைச் சின்னச் சுற்றுக்கு நம்பக் கூடாது. சில மீட்டர் பிசகினாலே விநாடிக் கணக்கு பொய்யாகிவிடும். மரைன் டிரைவ் பார்க்க அழகு, ஆனால் காங்கிரீட். தினமும் அங்கே ஓடினால் கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பு வலி வரலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மண் சேறாகிவிடும். அப்போது எஸ்ஆர்ஏ (குடிசை மறுவாழ்வுத் திட்டம்) கட்டடத்து ஏழு மாடிப் படிக்கட்டைப் பயன்படுத்துங்கள்: வேகமாக ஏறி, நடந்து இறங்கி, ஆறு தடவை. ஏறும்போதுதான் பயிற்சி. ஓடி இறங்கினால் முட்டிக்குக் கேடு.

வாரத்துக்கு மூன்று ஓட்ட நாள் போதும். திங்கள் 30 நிமிடம் மெதுவோட்டம். கூட ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பேச முடியவில்லை என்றால் அது மெதுவோட்டம் இல்லை. புதன் 200 மீட்டர் ஐந்து தடவை, ஒவ்வொன்றும் 48 முதல் 50 விநாடி, நடுவில் ஒன்றரை நிமிட நடை. வாரம் ஒன்று கூட்டி எட்டு வரை போகலாம். சனி 400 மீட்டர் மூன்று தடவை, ஒவ்வொன்றும் 1:38 முதல் 1:40, நடுவில் மூன்று நிமிடம் ஓய்வு. பெண்கள் புதன்கிழமை 63 முதல் 66, சனிக்கிழமை 2:08 முதல் 2:12 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் முழு 1000. தினமும் ஆயிரம் ஓடிப் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. களைப்பில் நேரம் கூடும், நேரம் கூடினால் மனம் உடையும். இலக்கு 4:15 இல்லை, 4:00. தேர்வு நாளில் வரிசை, வெயில், தூக்கமின்மை என்று பத்துப் பதினைந்து விநாடி போய்விடும்.

உங்கள் பங்கு இருநூறு முனையில் நிற்பது. "ஓடு, ஓடு!" என்று கத்துவதால் பயனில்லை, அவனுக்குத் தெரியாத எண்ணைச் சொல்லுங்கள். "நாற்பத்தொன்பது, சரி." "நாற்பத்து நாலு, வேகத்தைக் குறை." அவ்வளவே. பாராட்டும் அதே மாதிரி எண்ணோடு இருக்கட்டும்: "போன மாசம் நாலாவது இருநூறு அறுபது, இன்னைக்கு அம்பத்து மூணு." "நீ புலி" என்றால் நம்ப மாட்டான். எண்ணை மறுக்க முடியாது.

எடைச் சோதனையில் தவறுவது வேகத்தால் இல்லை. நூறு மீட்டருக்கு இரண்டு நிமிடம் என்பது மெதுநடைதான். சாதாரணமாக நடந்தாலே எண்பது விநாடி ஆகாது. பிடி நழுவுவதும், முதல் தூக்கில் இடுப்பு பிடிப்பதும், பதற்றத்தில் ஓடித் தடுமாறிக் கீழே வைப்பதும்தான் ஆளைக் கவிழ்க்கும். பயிற்சிக்குக் காய்ந்த மணலைச் சாக்கில் கட்டி, பங்கார் (பழைய சாமான்) கடைத் தராசில் 35 கிலோ நிறுத்துக்கொள்ளுங்கள். ஈர மணல் உலர்ந்தால் எடை குறையும், ஆகவே காய்ந்ததையே அளங்கள். 25 கிலோ அரிசி மூட்டையோடு 10 கிலோ மூட்டையைச் சேர்த்துக் கட்டினாலும் சரி. பெண்களுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேனே கணக்குக்குச் சரியாக வரும், ஆனால் தண்ணீர் குலுங்கும் என்பதால் கடைசி வாரங்களில் மூட்டைக்கு மாறிவிட வேண்டும்.

மூட்டையை நிற்க வைத்து, இரு கால்களுக்கும் நடுவே கொண்டுவந்து, முட்டியை மடக்கி உட்கார்ந்து, மார்போடு அணைத்து எழ வேண்டும். முதலில் தொடைக்கு, அங்கிருந்து ஓர் உந்தில் தோளுக்கு. முதுகை வளைத்துக் கையால் இழுப்பவர்களுக்கே இடுப்பு பிடிக்கும். இதில் ஐயம் இருந்தால் பக்கத்துக் குடோனில் மூட்டை தூக்கும் ஹமால் அண்ணனிடம் ஒரு சாயங்காலம் கேளுங்கள். எந்த ஜிம் மாஸ்டரைவிடவும் தெளிவாகக் காட்டுவார். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள், 20 கிலோவில் தொடங்கி வாரத்துக்கு 5 கிலோ கூட்டி 40 வரை. 40 கைவந்தால் 35 பயம் காட்டாது. பெண்கள் 10-இல் தொடங்கி 25 வரை. கடைசி மூன்று வாரம் ஓட்டம் முடித்துப் பத்து நிமிடத்தில் மூட்டை, இன்னொரு நாள் மூட்டை முடித்து ஓட்டம் என்று இரண்டு வரிசையிலும் பழக்குங்கள்.

பயிற்சி ஒழுங்காகப் போயும் நேரம் குறையவில்லை என்றால் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். ஹீமோகுளோபின் பாருங்கள், இரும்புச்சத்துக் குறைவு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், ஓட்டத்தை நேராக அடிக்கும். ஓடும்போது வீசிங், நெஞ்சு வலி, கண் இருட்டுதல் இருந்தால் பயிற்சியை நிறுத்தி டாக்டர். வலி மாத்திரை போட்டு ஓடுவதும் எனர்ஜி டிரிங்க் குடித்து ஓடுவதும் வேண்டவே வேண்டாம்.

மனதுக்கும் இதே அளவுகோல்தான். இரண்டு வாரம் தாண்டியும் தூங்காமல், சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் அது சோகத்தைத் தாண்டிவிட்டது. "நான் இருந்து என்ன" என்ற மாதிரிப் பேச்சு ஒரு தடவை வந்தாலும் தனியே விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

இன்னொரு ஆபத்து, "ரிசல்ட்டை மாத்தித் தரேன்" என்று வரும் ஏஜென்ட். தோற்ற வாரத்தில்தான் அவன் வாசலைத் தட்டுவான். வாங்கின பணத்தோடு காணாமல் போவதைத் தவிர அவனால் ஒன்றும் முடியாது.

காத்திருப்பைப் பற்றியும் நேராகப் பேசுங்கள். 2019 அறிவிப்புக்கு எழுத்துத் தேர்வு நடந்ததே 2022-இல்தான். பொதுப் பிரிவு வயது வரம்பு அந்த அறிவிப்பில் 33, 2024 அறிவிப்பில் 36; ஒவ்வொரு தடவையும் அறிவிப்பைப் பார்த்து வயதைச் சரிபார்க்க வேண்டும். நடுவில் ரயில்வேயின் என்டிபிசி (கிளார்க், ஸ்டேஷன் மாஸ்டர் போன்ற வேலைகள்), ஏஎல்பி (உதவி லோகோ பைலட்), டெக்னீஷியன் தேர்வுகளுக்கு ஓட்டம் கிடையாது. படிப்புத் தகுதி இருந்தால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) கான்ஸ்டபிள் பக்கம் போகுமுன் மட்டும் யோசிக்கட்டும்: ஆண்களுக்கு 1600 மீட்டர் 5:45-இல், அதற்கு மேல் நீளம் தாண்டல், உயரம் தாண்டல்.

அடுத்த அழைப்பு வந்தால், முந்தின ராத்திரி வழக்கமான சோறு. காலையில் ஓட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் மூன்று இட்லி அல்லது இரண்டு வாழைப்பழம்; வடா பாவ் வேண்டாம். புது ஷூ வேண்டாம். சரிபார்ப்பு வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றால் உடம்பு ஆறிவிடும் என்பதால், கூப்பிடப் பத்து நிமிடம் இருக்கும்போது நின்ற இடத்திலேயே மெல்ல ஓடி, மூன்று நான்கு தடவை முட்டியைத் தூக்கிக் குதிக்கச் சொல்லுங்கள். வாசலில் விடும்போது "முதல் இருநூறு நாற்பத்தொன்பது" என்பதை மட்டும் சொல்லி, போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.