பனிக்கு அடியில் கிடக்கும் நிலம்: வயது கேட்கும்போது விடும் பிழைகள்

ஆவணியில் எங்கள் பக்கக் குளம் வற்றும்போது அலைகரைக்கு உள்ளே பழைய அடிமரங்கள் தலைகாட்டும். கறுத்துப்போய், வேரால் சேற்றைப் பிடித்தபடி நிற்கும். தண்ணீர் வருமுன் அது காடு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு, கிறீன்லாந்தையும் அந்தாட்டிக்காவையும் மூடிக்கிடக்கும் தடித்த பனிப்படலத்தின் அடிநிலத்தைப் பற்றிச் சொல்லும்போது நான் இந்த அடிமரங்களில் இருந்துதான் தொடங்குவேன். ஆனாலும் சில பிழைகள் விடைத்தாளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

அதிகம் வருவது வயதைக் குழப்புவது. 'பனிக்கு அடியில் இத்தனை வருடப் பழைய நிலம்' என்று எழுதிவிடுவார்கள். எதனுடைய வயது? இரணைமடுக் குளத்துக்கு நூறு வயது. வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் உள்ள பாறைக்கோ 50 கோடிக்கும் மேல். பனியிலும் அப்படித்தான்: பாறை உருவான காலம் வேறு, ஆறு அதை அறுத்த காலம் வேறு, கடைசியாக வெயில் பட்ட காலம் வேறு. காலநிலையைப் பற்றி அதிகம் பேசுவது அந்தக் கடைசி வயது.

கிறீன்லாந்தின் வடமேற்கில் கேம்ப் செஞ்சுரி என்ற அமெரிக்க இராணுவ முகாமில் 1966இல் ஏறக்குறைய 1.4 கிலோமீற்றர் பனியைத் துளைத்து அடிமண்ணை எடுத்தார்கள். அந்த மண் பல பத்தாண்டுகள் குளிரூட்டியில் மறந்து கிடந்தது. பிறகு கழுவிப் பார்த்தால் உள்ளே சுள்ளி, இலை, பாசி! மணற்துணிக்கை ஒன்று கடைசியாக ஒளியைக் கண்டது எப்போது என்று அளக்க ஒரு முறை இருக்கிறது. அதன்படி அந்த இடம் சுமார் 416,000 ஆண்டுகளுக்கு முன் பனியில்லாமல் இருந்தது என்று 2023இல் அறிவித்தார்கள். ஒரு மணல் அதைச் சொல்கிறது என்பதை எத்தனை முறை படிப்பித்தாலும் எனக்கு அலுக்காது.

அடுத்தது, பனி எல்லாவற்றையும் வழித்துத் தள்ளிவிடும் என்ற எண்ணம். நகரும் பனி அரிக்கும், சரி. தரையோடு உறைந்து ஒட்டிய பனி அரிப்பதே குறைவு, அடியில் உள்ளதைக் காக்கும். கிழக்கு அந்தாட்டிக்காவில் ஆறுகள் செதுக்கிய 32,000 சதுர கிலோமீற்றர் நிலம், எங்கள் வட மாகாணத்தைப் போல மூன்றரை மடங்கு, அப்படியே பனிக்கு அடியில் கிடக்கிறது. பனி மூடுமுன் அங்கே ஆறு ஓடியிருக்கிறது.

றேடார் படத்தைப் பார்த்து வயது சொல்வதும் பிழை. றேடார் அலை பனியை ஊடுருவி, அடியில் பட்டுத் திரும்பும். அது பள்ளத்தையும் மேட்டையும் காட்டும், காலத்தைச் சொல்லாது. அதற்கு மண் வேண்டும்.

'முன்பும் தானாக உருகியதுதானே, இப்போது ஏன் பயம்?' என்று முடிப்பதுதான் என்னை வருத்துகிற பிழை. கேம்ப் செஞ்சுரியில் பனியில்லாத அந்தக் காலத்தில் காற்றில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்கு, இன்று 420க்கு மேல். அவ்வளவு குறைவாக இருந்தும் கிறீன்லாந்தின் பனி உருகியது. அந்த உருகலால் மட்டும் கடல் 1.4 மீற்றராவது உயர்ந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இதைச் சொன்னதும் வரைபடத்தை விரித்து, எங்கள் கரையோரத்து நந்திக்கடலும் கொக்கிளாயும் கடல்மட்டத்தில் இருந்து எவ்வளவு உயரம் என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுவேன்.