பழைய டயர் வாங்கும்போது பட்டனைப் பார்க்காதீர்கள், கேசிங்கைப் பாருங்கள்

பழைய டயர் வாங்கப் போனால் எல்லோர் கண்ணும் முதலில் போவது பட்டன், அதாவது ரோட்டில் படும் வரி போட்ட ரப்பர், எவ்வளவு மிச்சம் என்பதில்தான். கடைக்காரரும் அதைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டுவார். ஆனால் பாரத்தைத் தாங்குவது பட்டன் அல்ல, அதற்கு அடியில் நூலும் கம்பியுமாக இருக்கும் கேசிங். தேய்ந்த பட்டனைப் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம், அதுதான் ரீட்ரேட். கேசிங் செத்துவிட்டால் செத்ததுதான்.

முதலில் பைக். ரீட்ரேட் டயரை பைக்கில் மாட்டவே மாட்டாதீர்கள். வண்டி சாயும்போது பாரம் டயரின் ஓரத்துக்குப் போகிறது. ஒட்டிய பட்டன் முதலில் விடுவதும் அந்த ஓரத்தில்தான். லாரியின் ஜோடிச் சக்கரத்தில் ஒன்று போனால் பக்கத்து டயர் கொஞ்ச தூரமாவது தாங்கும், பைக்கில் அதற்கு வழியில்லை. முன் சக்கரத்துக்குப் பழைய டயரும் கூடாது. பின் சக்கரத்துக்கு வாங்கலாம். சென்னை புதுப்பேட்டையில் வாங்கினாலும் தெருமுனை பஞ்சர் கடையில் வாங்கினாலும் பார்க்க வேண்டியவை ஒன்றேதான்.

பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், புரட்டிப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் பட்டன் முழுசாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வெயிலில் கிடந்து இறுகிய ரப்பர் காய்ந்த ரோட்டில் ஓடிவிடும், ஐப்பசி மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். பட்டனை விரலால் அகட்டிப் பாருங்கள். அடியில் முடிபோல வெடிப்பு தெரிந்தால் வேண்டாம்.

அடுத்தது, சூட்டுக் கத்தியால் வரி வெட்டிய மொட்டை டயர். பார்க்கப் புதுசு போலவே இருக்கும். கண்டுபிடிப்பது எளிது. பக்கச்சுவரின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேராக வரிக்குள் நகத்தை ஓட்டுங்கள், குறுக்கே ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். மேடு இல்லாமலோ நடுவில் அறுபட்டோ இருந்தால் அது வெட்டிய டயர். அதில் நூலுக்கும் ரோட்டுக்கும் நடுவே மெல்லிய தோல்தான் மிச்சம். சட்டப்படி இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்குக் குறைந்தது 0.8 மி.மீ., மற்ற வண்டிகளுக்கு 1.6 மி.மீ. வரி ஆழம் வேண்டும். காசு கொடுத்து வாங்கும் பழைய டயரில் 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் லாபமில்லை. நடு மட்டும் தட்டையாகத் தேய்ந்ததையும் ஒதுக்குங்கள், பாலத்து வளைவில் சாய்க்கும்போது வண்டி திடீரென்று விழுவதுபோல் இழுக்கும்.

பிறகு ரிம்மில் உட்காரும் இரண்டு விளிம்பையும் (பீட்) அகட்டி, செல்போன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கறுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தாலோ, பக்கச்சுவரின் உள்புறம் வட்டமாக மடிப்பு விழுந்திருந்தாலோ அந்த டயர் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது. பஞ்சர் பட்டனில் மட்டும், 6 மி.மீ.க்குள் இருக்கலாம், பக்கச்சுவரில் ஒட்டுப் போட்டிருந்தால் வாங்காதீர்கள். மாட்டும்போது சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள், கிரீஸ் வேண்டாம். அம்புக்குறி சுழலும் திசையில் இருக்கட்டும். ட்யூப்லெஸ் என்றால் வால்வையும் புதிதாகப் போடுங்கள்.

லாரிக்குக் கணக்கே வேறு. இங்கே ரீட்ரேட் நல்ல பொருள், கேசிங் உங்களுடையதாக இருந்தால். யார் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாத கேசிங்கை வாங்குவதைவிட, சொந்த டயரை 3, 4 மி.மீ. பட்டன் இருக்கும்போதே கழற்றிக் கொடுங்கள். கம்பி தெரியும்வரை ஓட்டினால் ஆணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி பெல்ட் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பியில் ரப்பர் நிற்காது. கொடுக்கும் முன் கேசிங்கின் சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவது அதேதானா என்று பார்க்க.

ரேடியலுக்கு, அதாவது கம்பி பெல்ட் போட்ட டயருக்கு, குறைந்த சூட்டில் ஒட்டும் கோல்டு ரீட்ரேட் நல்லது. பழைய பட்டனைச் சீவி, ஓட்டைகளைச் சரிசெய்து, ஒட்டுவதற்கான குஷன் கம் வைத்து, ஏற்கெனவே வேகவைத்த பட்டன் பட்டையைச் சுற்றி, உறை போட்டு, சேம்பரில் 100 டிகிரிக்குச் சற்று மேல் சில மணி நேரம் வைப்பார்கள். ஹாட் முறையில் மோல்டுக்குள் 150 டிகிரி அளவு சூடு, கேசிங்கும் சேர்ந்து வேகும். சீவிய பரப்பில் ஈரமோ தூசியோ கை வியர்வையோ பட்டால் அங்கே ஒட்டு விடும். அதனால் மழைக்காலத்தில் சீவிய டயரைத் திறந்த வெளியில் போட்டுவைக்கும் பட்டறைக்குக் கொடுக்காதீர்கள். வாங்கி வரும்போது ஓரம் முழுவதும் நகத்தால் நெம்புங்கள், பட்டை சேரும் இணைப்பில் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். ரேடியல் பக்கச்சுவரில் லேசான பள்ளம் இருந்தால் பயமில்லை, அது உள்ளிருக்கும் ப்ளை (நூல் அல்லது கம்பி அடுக்கு) ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடம். புடைப்பு இருந்தால் வாங்காதீர்கள்.

முன் அச்சுக்குப் புது டயர். அது பாதி தேய்ந்ததும் ஹவுசிங்குக்கு, அதாவது எஞ்சின் சுழற்றும் பின் அச்சுக்கு, மாற்றுங்கள். ரீட்ரேட் ஹவுசிங்குக்கும் டிரெய்லருக்கும் மட்டும். ஜோடி போடும்போது இரண்டுக்கும் பட்டன் உயர வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்கட்டும், சின்னது உள்ளே போகட்டும். உயரமான டயர் பாரத்தையெல்லாம் தானே சுமந்து சூடாகும், மற்றது ரோட்டில் தேய்த்துக்கொண்டே வரும். குறுக்கு நூல் போட்ட நைலான் டயரையும் ரேடியலையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது.

சித்திரை, வைகாசியில் ஜிஎஸ்டி சாலை ஓரம் கிடக்கும் டயர் தோல் எல்லாம் ரீட்ரேடின் குற்றம் என்று சொல்கிறார்கள். அது நியாயமில்லை, புது டயரும் அப்படி உரியும். பெரும்பாலும் காற்றுக் குறைவுதான் காரணம். குறைந்த காற்றில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி, சூடேறி, ஒட்டைப் பிரிக்கிறது. காற்றைக் காலையில், வண்டி கிளம்பும் முன் கேஜ் வைத்துப் பாருங்கள். கட்டையால் தட்டிப் பார்த்தால் ஜோடியில் உள் டயர் குறைந்திருப்பது தெரியாது. ஓடிச் சூடான டயரில் காற்று ஏறியிருக்கும், அதை இறக்காதீர்கள்.

சொல்லியிருக்கும் காற்றில் 80 சதவீதத்துக்கும் கீழே போய் ஓடிய டயரை அப்படியே ஏற்றக் கூடாது. கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். பக்கச்சுவர் கம்பி மடங்கி முறிந்திருந்தால் காற்று ஏறும்போது ஜிப் திறப்பதுபோல் கிழிந்து வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர் உயிரே போகும். கூண்டுக்குள் வைத்து, நீள ஹோஸில், டயருக்கு நேரே நிற்காமல் தள்ளி நின்று ஏற்றச் சொல்லுங்கள். 20 பிஎஸ்ஐ ஏறியதும் நிறுத்தி, புடைப்பு உண்டா, படபட சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகட்டும்.

மாட்டியபின் முதல் 50, 100 கிலோமீட்டரில் நட்டை மறுபடி முறுக்குங்கள். முதல் நடையில் செங்குன்றத்திலோ மாதவரத்திலோ டீக்கு நிறுத்தும்போது, புதிதாகப் போட்ட டயரின் ஓரத்தைக் கையால் தொட்டுச் சுற்றி வாருங்கள். ஓர் இடம் மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அங்கே ஒட்டு விடத் தொடங்கியிருக்கிறது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, அதைப் பட்டறைக்கே திருப்பிக் கொடுங்கள்.